குதைபியாவில் ஒரு கனடாத் தேர்தல்

"பாய், ரேடியோவை அடிக்காதீங்க. அடிச்சா மாடு நடக்கும், ரேடியோ பேசாது."

செய்கு அலாவுதீன் கேட்கவில்லை. பஹ்ரைனில் குதைபியாத் தெருவொன்றில், தம் மளிகைக் கடைக் கல்லாவின் மேல் இருந்த ரேடியோவை இன்னொரு தட்டுத் தட்டினார். கனடாவில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று சொல்லிக்கொண்டிருந்த லண்டன்காரர் காணாமல் போய், அவர் இடத்தில் ஒரு அரபுப் பாடகி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"போச்சா!" என்றார் கோபாலசாமி.

"இருங்க சாமி. இந்தம்மா எப்படியும் மூச்சு வாங்கித்தானே ஆகணும்?"

திருமங்கலத்துக்காரர் ஒருவருக்குக் கனடாத் தேர்தலில் என்ன வேலை என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். பஹ்ரைனுக்கு வந்த ஏழு வருஷத்தில் கோபாலசாமி கனடாவை வரைபடத்தில்கூடத் தேடியதில்லை. அவர் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த கம்பெனி கனடாக்காரர்களுடையது, அவ்வளவுதான். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைக்குப் படம் போட்டுக் கொடுக்கும் கம்பெனி. ஆனால் அந்த எழுபத்தொன்பதாம் வருஷத் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டார். தாம் பிரதமரானால் இஸ்ரேலில் இருக்கும் கனடாத் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றிவிடுவாராம். அரபு நாடுகள் கொதித்தன. அந்த ஆள் ஜெயித்துச் சொன்னபடி செய்தால் கனடாக் கம்பெனிகள் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். அன்று முதல் கோபாலசாமி கனடாவின் ஆளுங்கட்சித் தொண்டராகிவிட்டார். கரை வேட்டி ஒன்றுதான் பாக்கி.

பாடகி மூச்சு வாங்கினாள். லண்டன்காரர் திரும்பி வந்தார். கோபாலசாமி கேட்டார், கேட்டுவிட்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"என்ன சாமி?"

"தோத்துட்டோம் பாய். ஓட்டு நமக்குத்தான் அதிகம். ஸீட்டு அவங்களுக்கு அதிகம்."

"அதெப்படி? பந்திக்கு ஆளு இங்க, இலை அங்கயா?"

"அவங்களுக்கும் முழு மெஜாரிட்டி இல்ல."

"அப்பக் கூட்டணி யாரோட?"

"கூட்டணி இல்ல."

"கூட்டணியே இல்லாத ஆட்சியா? ஆறு மாசம் தாங்காது, எழுதி வெச்சுக்குங்க. நம்ம தலைவரு என்ன பண்ணுவாராம்?"

"விலகினாலும் விலகுவாரு, அடுத்து யாருன்னு இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்களாம்."

அலாவுதீன் சிரித்தார். கீழக்கரையில் அவர் பார்க்காத தேர்தலா? "விலகுறேன்னு சொல்லுவாரு, தொண்டன்லாம் அழுவான், சரி சரின்னு திரும்ப வந்து உக்காருவாரு. தலைவருன்னா அப்படித்தான். நீங்க மனசைத் தளர விடாதீங்க."

வேலை போனால் ஊரில் இன்னொரு வேலை. கோபாலசாமிக்கு அதற்குப் பயமில்லை. அவர் பயம் வேறு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கும் நாகவள்ளிக்கும் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். பெயர் வைக்கும் முன்பே போய்ச் சேர்ந்தான். பால்குடிப் பிள்ளையை நம்மில் எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். எரித்திருந்தால் சாம்பலைக் கரைத்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளலாம், இல்லை ஊருக்காவது எடுத்துக்கொண்டு போகலாம். புதைத்த இடத்தை எந்தப் பெட்டியில் எடுத்துப் போவது? ஊருக்கு வெளியே, நம்மவர்களின் மயானத்து ஓரத்தில், மணலுக்குள் அவன் இருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பேரும் போவார்கள். காற்று மேட்டைத் தட்டையாக்கியிருக்கும். கோபாலசாமி மண்ணைக் கூட்டிக் கூட்டிச் சரி செய்வார். நாகவள்ளி தள்ளி நிற்பாள். அன்று முதல் அவள் லீவில்கூட ஊருக்குப் போகவில்லை. அவர் ஒருமுறை கேட்டதற்கு, "நீங்க போகலேல்ல, நான் மட்டும் எதுக்கு?" என்றாள். பிள்ளையை விட்டு அவளால் நகர முடியாது என்பதைப் புரிந்துகொண்டு, அதன் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். வேலை போய், விசா போய், 'வா போகலாம்' என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

டிபன் கேரியரை எடுக்க, கடைக்கு மேலிருந்த தம் வீட்டுக்கு மாடி ஏறினார். முகத்தைப் பார்த்ததுமே நாகவள்ளி கேட்டுவிட்டாள்.

"என்னங்க, ஊர்ல யாருக்கும் ஏதாவதா?"

"சேச்சே. கனடாவுல எலெக்‌ஷன். நான் சொன்ன கட்சி தோத்துருச்சு."

"அதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார். "ஆபீஸ்ல பந்தயம். தோத்தா மேனேஜருக்கு வீட்டுல விருந்து போடணும். உனக்குச் சிரமம்னுதான்..."

"ப்பூ, இவ்வளவுதானே? இந்த வியாழக்கிழமையே கூட்டிட்டு வாங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்த வேணாமா?"

இல்லாத பந்தயத்துக்கு விருந்து ஏற்பாடாகிவிட்டது. மேனேஜர் ஹட்சனிடம் போய் என்ன சொல்வது? அவர் எந்தக் கட்சி என்று வேறு தெரியாது. நம்மூரில் வேட்டிக் கரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேண்ட் போட்டவரிடம் எதைப் பார்ப்பது? எந்தப் பக்கமாக இருந்தாலும் பொருந்துகிற மாதிரி, "உங்க நாட்டுத் தேர்தலை முன்னிட்டு எங்க வீட்டில் ஒரு சின்னச் சாப்பாடு" என்றார்.

ஹட்சன் நாற்காலியை விட்டு எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பதினாறு வருஷம் கழித்து எங்கள் கட்சி ஜெயித்திருக்கிறது, கோபால். இந்த ஆபீஸில் அதை மதித்தவன் நீ ஒருவன்தான்!"

கோபாலசாமி சிரித்துவைத்தார். எதிரி வேட்பாளருக்கு ஆரத்தி எடுத்தது போலாகிவிட்டது.

விருந்துக்கு அலாவுதீன் பிரியாணியோடு வந்தார். கூடவே அவர் மனைவி பத்ருன்னிசா. அவள் அடுக்களையில் நாகவள்ளிக்குத் துணையாக நின்றாள். கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்குமாக இரண்டு பெண்களும் நாள் முழுக்க ஒன்றாகத்தான் இருப்பார்கள். ஹட்சன் ரசத்தை ஸ்பூனால் குடித்தார், கண்ணீர் வடித்தார், இன்னும் வேண்டும் என்றார்.

அலாவுதீனுக்கு நாக்கு அரித்தது. "சாமி, கேளுங்க. இவரு தலைவரு அந்தத் தூதரக விஷயத்தை நெசமாவே செய்வாரா, இல்ல நம்மூரு மாதிரி ஜெயிச்சதும் மறந்துருவாரா?"

"பாய், சும்மா இருங்க."

"இதுல என்ன இருக்கு?" என்று அலாவுதீனே தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுவிட்டார்.

ஹட்சன் ஸ்பூனைக் கீழே வைத்தார். "எங்கள் ஆள் நேர்மையானவன். சொன்னால் செய்வான். அதனால் எங்கள் ஆபீஸையே மூட வேண்டி வந்தாலும் செய்வான்."

அடுக்களை வாசலில் நின்ற நாகவள்ளி, "என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

கோபாலசாமி ஹட்சனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். "ரசம் பிரமாதமாம்."

நாகவள்ளியின் முகம் அப்படி மலர்ந்தது. பிள்ளை போனபின் அந்த முகத்தை அவர் பார்த்ததேயில்லை. ஒரு ரசத்துக்கு இத்தனை சந்தோஷமா! இவளையா ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது? என்ன பாடுபட்டாவது வேலையைக் காப்பாற்றியே தீருவது என்று கைகழுவும்போது முடிவு செய்தார்.

புதுப் பிரதமர் பதவி ஏற்றார். ஏற்ற கையோடு, சொன்னது சொன்னதுதான் என்றும் சொல்லிவிட்டார். பஹ்ரைன் நீர்வளத் துறை அதிகாரிகள் ஹட்சனின் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். வரைய வேண்டிய படங்கள் வரவில்லை. கோபாலசாமி பழைய படங்களுக்கே மை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்திருந்தால் அந்த மட்டோடு போயிருக்கும்.

"தந்தி அடிங்க சாமி," என்றார் அலாவுதீன். "நம்மூர்ல தலைவருக்குத் தந்தி அடிச்சுத்தானே எல்லாம் நடக்குது?"

நியாயமாகத்தான் பட்டது. 'தூதரகத்தை மாற்ற வேண்டாம், ஏழைத் தொழிலாளர் வயிற்றில் அடிக்க வேண்டாம், இப்படிக்கு பஹ்ரைன் கிளை ஊழியர்கள்' என்று கம்பெனியின் பெயரையும் போட்டு ஒட்டாவாவுக்குப் பிரதமர் பெயருக்கே ஒரு தந்தி போனது. அந்தத் தந்தியின் கிளை ஊழியர்கள் என்பது கோபாலசாமி ஒருவர்தான்.

அது எந்த மேஜையெல்லாம் சுற்றியதோ, பத்து நாளில் கம்பெனித் தலைமையகத்திலிருந்து ஹட்சனுக்கு டெலெக்ஸ் வந்தது. ஹட்சன் கூப்பிட்டார்.

"என்ன இது, கோபால்? என் நாட்டுத் தேர்தலுக்கு விருந்து போட்டாய், அப்புறம் என் தலைவனுக்கே தந்தி அடிக்கிறாய்?"

"எங்க ஊர்ல அடிப்போம் சார்."

"இங்கே அடிப்பதில்லை. ஆட்களைக் குறைக்கும்படி வந்தால் முதல் விமானத்தில் நீதான்."

அதுவரை எல்லோரோடும் போகவிருந்த வேலை, இப்போது தனியாகவே போகத் தயாராக நின்றது. வீட்டுக்கு வந்து, மேனேஜர் தம்மைப் பாராட்டியதாகச் சொன்னார்.

"என்னத்துக்கு?" என்றாள் நாகவள்ளி.

"துணிச்சலுக்கு."

அந்த வெள்ளிக்கிழமை மயானத்தில் அவர் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, நாகவள்ளி திடீரென்று கேட்டாள்.

"ஏங்க, அந்தக் கனடாப் பிரதமர் சொன்னதைச் செஞ்சிருவாரா?"

அவருக்குக் கை நின்றது. இவளுக்கு எப்படித் தெரியும்? ரேடியோவில் வந்திருக்கும், இல்லை பாய் உளறியிருப்பார். அவள் முகத்தில் இருந்த கவலையைப் பார்க்கவே முடியவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன.

"செய்ய மாட்டாரு வள்ளி. நீ கவலையே படாதே. நம்மள யாரும் இங்கேருந்து அசைக்க முடியாது."

அவள் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாம் சொன்னதை அவள் நம்பவில்லை என்று அவருக்குத் தோன்றியது. அவரே நம்பவில்லையே! குழந்தையின் பக்கத்தில் குந்தியபடி, பெற்றவளை உன்னிடமிருந்து பிரிக்க விடமாட்டேன் என்று மனதுக்குள் அவனிடம் சொல்லி அழுதார். வியர்வையைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அக்டோபர் மாதம் முடியும் சமயம். காலையில் ஹட்சன் எல்லோரையும் கூப்பிட்டார். முகம் தொங்கிப் போயிருந்தது, ஆனால் மேஜையில் கேக் இருந்தது.

"தூதரகம் மாறவில்லை. பிரதமர் யோசனையைக் கைவிட்டுவிட்டார். நீர்வளத் துறையிலிருந்து எட்டு மணிக்கே போன் வந்துவிட்டது, வேலையைத் தொடரச் சொல்லி." பிறகு கோபாலசாமியின் பக்கம் திரும்பினார். "உன் தந்தியைப் படித்துவிட்டார் போலிருக்கிறது, கோபால். உன் ஒப்பந்தமும் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீள்கிறது. போ, மனைவியிடம் சொல்லிவிட்டு வா."

கோபாலசாமி டாக்ஸி பிடித்தார். கடை வாசலில் இறங்கும்போதே, "பாய், கலாஸ்! எல்லாம் முடிஞ்சுது, ஜெயிச்சுட்டோம்!" என்று கத்தினார். அலாவுதீன் கல்லாவை விட்டு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "நான் சொல்லல? தலைவருன்னா சொன்ன சொல்லை மீறணும் சாமி, அப்பத்தான் அவரு தலைவரு!"

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார். நாகவள்ளியும் பத்ருன்னிசாவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"வள்ளி! எல்லாம் சரியாயிடுச்சு. இத்தனை நாள் உங்கிட்ட மறைச்சுட்டேன். கம்பெனியை மூடுற மாதிரி இருந்துச்சு, நாம ஊருக்கே போக வேண்டியிருந்திருக்கும். இனிமே பயமில்ல. அந்த ஆளு வாக்கை வாபஸ் வாங்கிட்டாரு. இன்னும் ரெண்டு வருஷம் நம்மள இங்கேருந்து யாராலயும் அனுப்ப முடியாது!"

நாகவள்ளியின் கையிலிருந்த கீரை நழுவியது. அவரையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த அழுகை, பிள்ளையை எடுத்துக்கொண்டு போன அன்று அழுத அதே அழுகை.

கோபாலசாமிக்கும் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

"சந்தோஷம் தாங்கல தங்கச்சி அவளுக்கு. பெத்தவ இல்லையா? புள்ளையை விட்டுட்டுப் போயிருவோமோன்னு எவ்வளவு பயந்திருப்பா, பாரு."

பத்ருன்னிசா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, தரையில் சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"புள்ளையை விட்டுட்டு நீங்க வரமாட்டீங்கன்னுதான் அண்ணே அவ வாயைத் தொறக்கல, அந்தக் குழியைப் பாக்காத ஊருக்குப் போனாத்தான் உசுரு தங்கும்னு, கனடாக்காரரு சொன்ன சொல்லுல நிக்கணும்னு அவ சாமியையும் கும்பிட்டு, என்னையும் அஞ்சு வேளைத் தொழுகையிலயும் துவா கேக்க வெச்சா."