மோதிரத்தம்மா பார்த்த கர்ப்பம்

கீழே செருப்புக் கடை. மேலே இரண்டாவது மாடியில் மோதிரத்தம்மா. கீழே காலின் அளவைப் பார்த்தார்கள். மேலே கருவின் ஆயுளைப் பார்த்தார்கள். அளவு தப்பினால் கீழே மாற்றிக் கொடுப்பார்கள். மேலே அந்த வழக்கம் இல்லை.

மோதிரத்தம்மாவின் தொழில் ரொம்ப எளிது. ஒரு நூல், அதன் நுனியில் ஒரு மோதிரம். கர்ப்பிணியின் வயிற்றுக்கு மேலே அதைத் தொங்கவிடுவார். வட்டமாகச் சுற்றினால் கரு தங்கும். குறுக்கே ஆடினால் யாரோ கண் வைத்துக் கருவைப் பிடித்து இழுக்கிறார்கள். யார் அந்தக் கண், வலி எந்தப் பக்கம், எப்போது ஆரம்பித்தது என்பதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரே சொல்லிவிடுவார். முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். முகத்தைப் பார்த்தால் சக்தி சிதறிவிடுமாம். அதனால் வருகிறவள் பலகைமேல் படுத்து, தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொள்ள வேண்டும். துணைக்கு வந்தவர் மணியடிக்க வேண்டும். அப்புறம்தான் அம்மா உள்ளறையிலிருந்து கண்ணை மூடியபடி வருவார். கண்ணை மூடியிருந்தும் ஒரு நாளும் பலகையில் இடித்துக்கொண்டதில்லை. அதையும் சக்தி என்றே சொன்னார்கள்.

படிக்கட்டு முழுக்கப் பெண்கள். துணிக்கடைக்காரி, வங்கிக்காரி, கணக்கு டீச்சர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தியும் வந்திருந்தாள். ஊரார் ரத்தத்தையெல்லாம் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்ப்பவள், தன் வயிறு என்று வந்ததும் மோதிரத்திடம் வந்துவிட்டாள். பிள்ளை பிறந்தவர்கள் குழந்தையோடு வந்து அம்மாவுக்கு நன்றி சொன்னார்கள். பிறக்காதவர்கள் திரும்பி வரவில்லை. ஆகவே அம்மாவின் கணிப்பு இதுவரை பொய்த்ததே கிடையாது.

கண்ணாடிக்காரிக்கு இந்தக் கதையெல்லாம் நாத்தனார் சொல்லித்தான் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. அவளுக்குக் கர்ப்பத்தின் இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் மதியம் மெஷின்முன் உட்கார்ந்திருந்தபோது அடிவயிற்றில் லேசாக ஒரு பிடிப்பு. மாதவிலக்கு வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் இழுத்தது, விட்டது, மறுபடியும் இழுத்தது.

வேறொருத்தியாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இவளுக்குப் போன வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. லென்ஸை அப்படியே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்ப் பார்த்தாள். ரத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை. அதற்கப்புறம் மணிக்கொரு தரம் போய்ப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

டாக்டரிடம் போகலாம் என்றான் புருஷன். அவன் லிப்ட் மெக்கானிக். எது முனகினாலும் திறந்து பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. நாத்தனார்தான் மறித்தாள். நல்ல மனுஷி. தம்பி பெண்டாட்டியைத் தன் கூடப்பிறந்தவளாகப் பார்ப்பவள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் கிடந்து, மோதிரத்தம்மாவிடம் போன பிறகுதான் அவளுக்கு ஒரு பையன் தங்கினான். அவன் இப்போது ஒன்றாம் வகுப்பில் பக்கத்துப் பையனைக் கிள்ளிக்கொண்டிருக்கிறான். அவனைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

படிக்கட்டில் இடம் பிடித்து உட்கார்ந்ததும், பக்கத்தில் பச்சைக் குடை வைத்திருந்த ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். எத்தனையாவது மாசம் என்று கேட்டாள். தனக்கு மூன்றாவது என்றாள். அவ்வளவு பரிவான முகத்தைக் கண்ணாடிக்காரி சமீபத்தில் பார்த்ததே இல்லை. வலி எங்கே, எப்போது, போன தடவை என்ன ஆச்சு, வீட்டில் யாராவது முகம் சுளித்தார்களா, எல்லாம் கேட்டாள். கண்ணாடிக்காரியும் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். போன வருஷம் இழந்ததை, கடையில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி 'இந்தத் தடவையாவது நிக்கட்டும்' என்று சொன்னதை, அன்றைக்கு ராத்திரி அழுததை. குடைக்காரியின் கண்ணும் கலங்கிவிட்டது. பிறகு வாந்தி வருகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

உள்ளே மோதிரம் குறுக்கே ஆடியது.

"போன வருஷம் ஒண்ணு போச்சு," என்றார் அம்மா, மூடிய கண்ணோடு. "கூட வேலை செய்யறவ ஒருத்தி. இந்தத் தடவையாவது நிக்கட்டும்னு சொன்னா. சொன்ன வாய்தான் இழுக்குது."

துணிக்குள்ளே கண்ணாடிக்காரிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. வெளியே நாத்தனார் விசும்பினாள்.

பரிகாரமும் கிடைத்தது. இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை. வாரம் ஒருமுறை வந்து மோதிரத்துக்குக் காட்ட வேண்டும். முக்கியமாக, ஸ்கேன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. மெஷினின் கண் பட்டால் கரு மிரண்டுவிடும். வலி நின்றால் பட்டை வேலை செய்கிறது. நிற்காவிட்டால் நம்பிக்கை போதவில்லை. எப்படிப் பார்த்தாலும் அம்மா ஜெயிக்கிற ஆட்டம்.

பட்டையைக் கட்டியதும் பிடிப்பு கூடியது. அவிழ்த்தால் குறைந்தது. இதை யாரிடமும் சொல்லக் கண்ணாடிக்காரிக்குத் தைரியம் வரவில்லை. தன் நம்பிக்கையில்தான் ஓட்டை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் நாத்தனாரோடு மறுபடியும் அதே படிக்கட்டு. முன்னால் ரொட்டிக் கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண் ஒருத்தி, சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ரெண்டு நாளாக அடிவயிற்றில் இடது பக்கம் மட்டும் கத்தியால் குத்துவதுபோல வலியாம். காலையிலிருந்து தோள்பட்டையும் வலிக்கிறதாம். கொஞ்சம் ரத்தமும் பட்டதாம். பச்சைக் குடைக்காரி அவள் கையைப் பிடித்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாந்திக்குப் போனாள்.

ரொட்டிக்கடைப் பெண் உள்ளே போய்த் திரும்பினாள். தோள்வலி நல்ல அறிகுறி என்று அம்மா சொல்லிவிட்டாராம். கருவின் பாரம் தோளுக்கு ஏறுகிறதாம், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடுமாம். சொல்லிக்கொண்டே இரண்டு படி இறங்கினாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்படியே சரிந்தாள்.

கூட்டம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றது ஒரு குரல். கண்ணாடிக்காரி அவள் தலையைத் தாங்கிக்கொண்டு கீழே கத்தினாள். தெருவில் காத்திருந்த லிப்ட் மெக்கானிக் புருஷன் ஓடி வந்து அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். உள்ளறைக் கதவு திறக்கவே இல்லை. மோதிரத்துக்கு இது தெரியவில்லை போலும்.

ஆஸ்பத்திரியில் அவளை நேராக அறுவைக்கு எடுத்துப் போனார்கள். கரு கர்ப்பப்பையில் தங்காமல் கருக்குழாயிலேயே வளர்ந்து, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ரத்தம் உள்ளே உறுத்துவதுதான் தோளில் வலியாகத் தெரிந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. அவள் பிழைத்தாள்.

வெளியே வந்த டாக்டரம்மாவின் பார்வை, வயிற்றில் கை வைத்தபடி நின்ற கண்ணாடிக்காரிமேல் விழுந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கறுப்புப் பட்டையைப் பார்த்தார். திட்டவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினார். பிறகு ஸ்கேன். திரையில் ஒரு சின்னப் புள்ளி துடித்தது. சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றார். மெஷினின் கண் பட்டும் அது மிரளவில்லை, தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரிதான் அழுதாள்.

"அப்ப எனக்கு ஏன் டாக்டர் வலிச்சுது?"

"கர்ப்பப்பை வளருதும்மா. அக்கம்பக்கம் இழுக்கத்தானே செய்யும். லேசா, விட்டு விட்டு, ஓய்வெடுத்தா அடங்கற வலி நிறையப் பேருக்கு வரும். வாயு, மலச்சிக்கல்னாலும் வரும். ஆனா வலி பலமா இருந்தா, ஒரே பக்கமா குத்தினா, விடாம கூடிக்கிட்டே போனா, ரத்தம் பட்டா, தலை சுத்தினா, தோள் வலிச்சா, காய்ச்சல் அடிச்சா, ஒண்ணுக்குப் போறப்ப எரிஞ்சா, உடனே வரணும். சந்தேகமா இருந்தாலும் வா. ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

போன வருஷம் ஒன்று போனதைக் கண்ணாடிக்காரி சொன்னதும், அவள் காரணம் கேட்காமலேயே டாக்டரம்மா சொன்னார். ஆரம்பத்தில் போகிறதில் பெரும்பாலானவை கரு சரியாக உருவாகாததால் போகின்றன. வேலைக்குப் போனதாலோ, யாரோ எதையோ சொன்னதாலோ அல்ல. உன்மேல் தப்பில்லை என்று ஒரு வருஷமாக யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

நாத்தனார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். வீடு திரும்பும் வழியில், ரொட்டிக்கடைப் பெண் விஷயத்தில் அம்மா தவறியிருக்கலாம், ஆனால் கேட்காமலேயே எல்லாம் சொன்னாரே, அதற்கு என்ன பதில் என்று பிடிவாதமாகக் கேட்டாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, படிக்கட்டில் ஆறுதல் சொல்ல அந்தப் பச்சைக் குடைக்காரி மாதிரி நல்லவர்களும் இருக்கிறார்களே என்றாள்.

"நான் பையனை வயித்துல வெச்சுக்கிட்டுப் போனப்பவும் அவங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. பாவம், அப்பவும் மூணாவது மாசம்தான்..."

சொன்னவள் நிறுத்திக்கொண்டாள். யானைகூட இரண்டு வருஷத்துக்குள் குட்டி போட்டுவிடும்.

சோதித்துப் பார்க்கலாம் என்ற யோசனை நாத்தனாருடையதுதான். அம்மாவை மாட்டிவிடுவதற்கு அல்ல, காப்பாற்றுவதற்கு. அம்மாவிடம் உண்மை இருந்தால் இதையும் கண்டுபிடித்துவிடட்டுமே என்றாள்.

அடுத்த முறை படிக்கட்டில் அவளே குடைக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளுக்கு எத்தனையோ முகம் பார்க்கும் குடைக்காரிக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. சித்தி பெண்ணுக்காக வந்திருப்பதாகவும், அவள் நடக்க முடியாமல் கீழே வண்டியில் இருப்பதாகவும் சொன்னாள். வலது பக்கம் வலி, ஓரகத்தி ஒரு வளையல் கொடுத்த நாளிலிருந்து. தலைச்சன். பெண் குழந்தை வேண்டும் என்று ஆசை. இப்படி ஒரு பெண் இந்த உலகத்திலேயே கிடையாது. குடைக்காரியின் கண் கலங்கியது. வாந்தி வந்தது.

அவள் தலை மறைந்ததும் நாத்தனார் கீழே சைகை காட்டினாள். தம்பி மேலே வந்தான். ஏதோ கேட்க வாயெடுத்தவர்களிடம், கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள் என்று மட்டும் கண்ணாடிக்காரி கேட்டுக்கொண்டாள். ரொட்டிக்கடைப் பெண் விழுந்ததைப் பார்த்த சிலர் அங்கே இருந்தார்கள். அவர்கள் வழி விட்டார்கள். லிப்ட் மெக்கானிக் பலகைமேல் படுத்தான். துணியைப் போர்த்தினார்கள். வாரக்கணக்கில் கடைச் சாப்பாடு சாப்பிட்ட வயிறு, துணிக்குள் கௌரவமாகவே எழும்பி நின்றது. கதவை மட்டும் சாத்தவில்லை. நாத்தனார் மணியடித்தாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்தார். மோதிரம் தொங்கியது. முதலில் குறுக்கே ஆடியது. பிறகு, போனால் போகிறது என்று வட்டமாகச் சுற்றியது.

"வலது பக்கம் பிடிச்சு இழுக்குது. ஓரகத்தி கை. வளையல் வழியா வந்திருக்கு. பயப்படாதே தாயி. தலைச்சன் தங்கும். நீ ஆசைப்பட்ட மாதிரி பொண்ணுதான்."

வாசலில் படிக்கட்டுக் கூட்டம் மொத்தமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரி துணியை எடுக்கக் குனிந்தாள். நாத்தனார் அவளைத் தடுத்துத் தானே இழுத்தாள்.

முதலில் மீசை தெரிந்தது. பிறகு மீதி ஆள்.

"பேர் வைக்கணும்ல," என்றான் அவன், படுத்தபடியே. "பொண்ணுதானான்னு இன்னொரு தடவை பாத்துச் சொல்லிடுங்க."

அம்மா கண்ணைத் திறந்தார். பல வருஷத்தில் அன்றுதான் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்திருப்பார். ஆனாலும் தொழில்காரர். பெண்டாட்டியின் கரு புருஷன் வயிற்றில் நிழலாக விழும், மோதிரம் அந்த நிழலைத்தான் பிடித்தது என்றார். வாசலில் இரண்டு மூன்று தலைகள் அதற்கும் ஆடின.

நாத்தனார் அவரைத் தாண்டிப் போனாள். உள்ளறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். அங்கே ஒரு நாற்காலி, பின்பக்கப் படிக்கட்டுக்கு ஒரு வாசல், மூலையில் சாத்திவைத்த பச்சைக் குடை. குடைக்குச் சொந்தக்காரி வாந்தியின் சுவடே இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு இன்னும் மூணாவது மாசம்தானா?" என்று கேட்டாள் நாத்தனார்.

குடைக்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா மோதிரத்தைப் பார்த்தார். அது ஆடாமல் தொங்கியது.

முதலில் சிரித்தது ரத்தப் பரிசோதனைக்காரி. பிறகு படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு இறங்கியது. நாத்தனார் சிரிக்கவில்லை. தன் பையன் யாருடைய தயவும் இல்லாமல் தானாகவே பிறந்தவன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதில் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கீழே கூட்டி வந்தாள்.

அடுத்த வாரம் மாடி பூட்டிக் கிடந்தது. படிக்கட்டில் வந்தவர்களில் பாதிப் பேர் டாக்டரைத் தேடிப் போனார்கள். மீதிப் பேர் செருப்புக் கடைக்காரரிடம், இதே மாதிரி பார்ப்பவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். இருக்கிறார். எப்போதும் இருப்பார். நீங்கள் வாயால் சொன்னதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்ல ஒருவர், அதைக் கேட்டு வாயைப் பிளக்க நீங்கள். அடுத்த தடவை வயிறு வலித்தால் டாக்டரிடம் போங்கள். மூளை வலிக்கும் என்று பயந்து யோசிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். யோசித்து இதுவரை யாருக்கும் கரு கலைந்ததில்லை.