சரோஜா போட்ட கட்டை

நாற்பதைத் தாண்டியவன் புதிதாக எதையாவது கற்கக் கிளம்பினால், ஆபத்து அவனுக்கு மட்டுமல்ல, பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும்தான்.

எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் நான் கிளாக்கர். சேர்ந்த நாள் முதல் அதே மேசை, அதே நாற்காலி. கூட வேலை பார்த்தவர்கள் கண்டி, கொழும்பு என்று போய்விட்டார்கள். நான் மட்டும் நாற்காலியில் பள்ளம் விழ உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் திடீரென்று ரோஷம் வந்து, மச்சானின் பழைய காரை இரவல் வாங்கி ஓட்டப் பழகினேன். (காருக்கும் ஏறக்குறைய என் வயதுதான்.)

அதில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. மலை ரோட்டில் எங்கே நிறுத்தினாலும் டயருக்குக் கட்டை வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என் மனைவி சரோஜாவுக்கு. சேலை அழுக்காகாமல் இருக்க அந்தப் பலாக்கட்டையைச் சாக்கில் சுற்றி, இழுத்தெடுக்க ஒரு கயிறும் கட்டியிருந்தாள்.

"வண்டி நின்னா யோசிக்காத. குதி, கட்டையப் போடு, தள்ளி நில்லு" என்று தினமும் அவளைப் பழக்கினேன். என்னைவிட நன்றாகவே பழகிவிட்டாள்.

யுத்த காலம். லைசன்ஸ் டெஸ்டுக்காக மாத்தளைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். (லைசன்ஸ் இல்லாமலே டெஸ்டுக்குக் கார் ஓட்டிப்போன புத்திசாலி நான்.) டவுனுக்கு முன்னால் ஒரு சரிவில், முந்தின நாள் இல்லாத செக் பாயிண்ட். மண் மூட்டை, பீப்பாய், துவக்கு. ஆமிக்காரன் கை காட்டினான். பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது.

சரோஜா யோசிக்கவில்லை. குதித்தாள், சாக்குப் பொதியை வண்டிக்கு அடியில் செருகினாள், கயிறு வெளியே கிடக்கத் தள்ளிப் போய் நின்றாள்.

ஆமிக்காரர்கள் மண் மூட்டைக்குப் பின்னால் விழுந்தார்கள். துவக்குகள் அவள் பக்கம் திரும்பின.

"பஹினவா!" என்று என்னைப் பார்த்து ஒருவன் கத்தினான். இறங்கச் சொல்கிறான். எப்படி இறங்குவது? எங்கள் பயிற்சியெல்லாம் ஏற்றத்தில். பழக்கதோஷத்தில் கட்டையை டயருக்குப் பின்னால் வைத்திருந்தாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் நேரே மண் மூட்டைக்குத்தான் போகும். அதை என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கினேன்: "மாத்தயா, நான் காலை எடுத்தால் எல்லோருக்கும் ஆபத்து!"

எழுந்த தலைகள் மறுபடி மறைந்தன.

சரோஜா கைகளைத் தூக்கியபடி நின்றாள். எனக்கு ரோஷம் வந்ததற்கு இவளைச் சுட்டுவிடுவார்களே என்று அழுகை முட்டியது. அவளோ தொண்டை கிழியக் கத்தினாள்: "லீ கொட்டயக் மாத்தயா! மரக்கட்டைங்க! ஹேண்ட் பிரேக் நே! இல்லைங்க!"

அவளையே இழுக்கச் சொன்னார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்து, சாக்கைப் பிரித்துக் காட்டினாள். வெறும் பலாக்கட்டை. வியர்த்துப்போன முகத்தோடு பெரியவன் ஒருவன் எழுந்து வந்தான். கட்டையைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"நோனா, இறக்கத்துல முன்னுக்குத்தான் போடணும்" என்றான், தமிழிலேயே.

அன்று டெஸ்டுக்குப் போகவில்லை. லைசன்ஸ் எடுத்தது பிறகு ஒரு நாள், பஸ்ஸில் போய்.

பென்ஷன் வாங்கிய பிறகு சும்மா இருக்க முடியாமல், பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருந்த ஒருநாள், "கம்ப்யூட்டர் பழகப்போறேன்" என்று அறிவித்தேன். சரோஜா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னங்க, கட்டைய முன்னுக்குப் போடவா, பின்னுக்குப் போடவா?"