அசையாத முப்பத்தெட்டு

பழைய தெர்மோஸ்டாட்டின் கடைசித் திருகாணியைக் கழற்றிய பிறகுதான், புஷ்பவள்ளி சொல்லிவிட்டுப் போனது சன்னாசிக்கு நினைவு வந்தது.

“நான் நீலாய்ல இருந்து வர்ற வரைக்கும் முட்டைப் பெட்டில கை வைக்காதீங்க. பேசாம டிவி பாருங்க.”

மகளுக்கு நீலாயில் பிரசவம். புஷ்பவள்ளி ஒரு மாதத்துக்குப் பெட்டி படுக்கையோடு போய்விட்டாள். வீட்டில் மிச்சமிருந்தது சன்னாசியும் குஞ்சு பொரிக்கும் பெட்டியும்தான்.

அந்தப் பெட்டியைச் செய்தவரே சன்னாசிதான். பழுதாகிப்போன ஐஸ்பெட்டியைப் படுக்கப் போட்டு, உள்ளே இரண்டு பல்பு மாட்டி, சூட்டைப் பார்த்துப் பல்பை ஏற்றி அணைக்க ஒரு வட்டத் தெர்மோஸ்டாட்டும் வைத்திருந்தார். சுவா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கை சும்மா இருக்காது.

தன் வீட்டுச் செவலைக் கோழிக்கு அடைகாக்கவே தெரியாது என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க அவர் சொல்லி வைத்திருந்தார். “சோம்பேறிக் கோழிலா அது. முட்டை போடும், எந்திரிச்சிப் போயிரும். அதான் பெட்டி செஞ்சேன்.”

அரிசி டின்னுக்குள் ஒளித்து ஒளித்துப் புஷ்பவள்ளி சேர்த்த பத்து முட்டைகள் அந்தப் பெட்டிக்குள் போய் ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று அவள் இன்னொன்றும் சொன்னாள். “நான் வரும்போது குஞ்சு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா அந்தப் பெட்டிக்குள்ள நீங்க போய்ப் படுத்துக்குங்க.”

சொன்னால் செய்கிறவள். சன்னாசிக்கு அந்தப் பயம் உண்டு. ஆனால் பழைய தெர்மோஸ்டாட்டோ அடிக்கடி சிக்கிக்கொள்ளும். கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால்தான் வேலை செய்யும். டிவி பார்க்கிற மனிதர் எத்தனை தடவை எழுந்துபோய்த் தட்டுவார்? போர்ட்டிக்சன் டவுனுக்கு மோட்டார் சைக்கிளை விட்டு, நைஜலின் எலக்ட்ரிக் கடையில் வயர் இல்லாத புதுத் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி வந்துவிட்டார்.

“ரொம்ப சிம்பள் அங்கிள்,” என்றான் நைஜல். “இந்தப் பெட்டிய செவுத்துல வச்சி, பல்பு வயர்ல மாட்டுங்க. இந்தக் கைப்பெட்டிக்கு வயரே வேணாம். ஆனா முக்கியமா ஒன்னு...”

“எனக்குத் தெரியாததா தம்பி? நான் லோரிக்கே வயர் இழுத்தவன்!”

அந்த முக்கியமான ஒன்றைக் கேட்காமலே அவர் கிளம்பிவிட்டார்.

கைப்பெட்டி வெள்ளையாக, மழமழவென்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. ஏர்கோன் ரிமோட் மாதிரி ஏதோ ஒன்று என்று முடிவு கட்டி, முப்பத்தேழரையில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்படியே போய் அடுப்படியில் நின்று நெத்திலி பொரித்தார்.

திரும்பி வந்து பார்த்தால், சுவரில் மாட்டியிருந்த புதுப் பெட்டி நாற்பத்திரண்டு டிகிரி காட்டியது.

“ஐயோ, முட்டை வேகுது!”

மூடியைத் திறந்து போட்டு, மேசைக் காற்றாடியை முட்டைகளுக்கு நேராக வைத்தார். பக்கத்து வீட்டு ராக்கம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, முட்டைக்குக் காத்து வாங்குறீங்களா?”

“இதெல்லாம் டெக்னாலஜி. ஒனக்குப் புரியாது.”

காற்றாடியை அணைத்துப் பெட்டியை மூடிய களைப்பில் ஏர்கோன் அறையில் போய்ச் சாய்ந்தார். கைப்பெட்டி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. தூங்கி எழுந்து வந்து பார்த்தால் இருபத்து மூன்று. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே பல்புகள் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தும் போதவில்லை என்று நினைத்து, பெட்டியைப் போர்வையால் சுற்றினார். பல்பு வயர் வருகிற ஓட்டையைப் புஷ்பவள்ளியின் சேலையால் அடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வேலிப் பக்கம் ராக்கம்மா.

“என்னண்ணே, துணி பொசுங்குற வாசம்?”

ஓடிப்போய் உருவி எறிந்தார். சேலை முந்தானையில் தோசை அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். அதை நான்காக மடித்து அலமாரியின் அடித்தட்டில் திணித்தார்.

மறுநாள் காலை, கைப்பெட்டியும் கையுமாக, வழக்கம்போல மோட்டார் கொட்டகைக்குப் போனார். அங்கே கிடக்கிற பழைய ஹெல்மெட்டுக்குள்தான் செவலை முட்டை போடும். சூடாக எடுத்து, அரைவேக்காடாக அவித்து, கோப்பியோடு குடித்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். முட்டையை எடுத்த நேரத்தில் போன் அடித்தது. ஒரு கையில் முட்டை, ஒரு கையில் கைப்பெட்டி. ஏதோ செய்து போனை எடுத்தார்.

“பேத்தி பொறந்திருக்கா!” என்றாள் புஷ்பவள்ளி.

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு எதுவுமே ஞாபகமில்லை. முட்டையை அவித்துக் குடித்ததைத் தவிர.

மத்தியானம் பார்த்தால் சுவர்ப்பெட்டி முப்பத்தெட்டு காட்டியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் முப்பத்தெட்டு. அவரே புஷ்பவள்ளிக்குப் போன் போட்டார்.

“வள்ளி, புதுத் தெர்மோஸ்டாட் மாட்டிட்டேன். முப்பத்தெட்டு! அசையவே இல்ல.”

“பல்பு எரியுதா?”

“எரியல. எரியாமலே சூடு நிக்குது. அதான் டெக்னாலஜி.”

“முட்டையத் தொட்டுப் பாருங்க,” என்றாள் புஷ்பவள்ளி.

தொட்டார். ஆற்றுக் கல்லைப் போல ஜில்லென்று இருந்தது.

“நல்லா... இருக்கு,” என்று போனை வைத்தவர், உடனே நைஜலைக் கூப்பிட்டார்.

“கைப்பெட்டி எங்க இருக்கு அங்கிள்?”

“அது எதுக்கு?”

“அதுதான் சூட்ட அளக்குது! முட்டைக்குப் பக்கத்துல இருக்கணும். அதச் சொல்றதுக்குள்ள நீங்க மோட்டார எடுத்துட்டீங்க.”

சன்னாசி சட்டைப் பையைத் தடவினார். ஒன்றுமில்லை.

“காணோம் தம்பி.”

“ஒங்க வீட்ல எங்கியோ முப்பத்தெட்டு டிகிரி இருக்கு அங்கிள். அந்த எடத்தத் தேடுங்க.”

அடுப்பு மேடை, டிவியின் பின்பக்கம், வெயில் படும் ஜன்னல், தலையணை உறை. எங்கும் இல்லை. சத்தம் கேட்டு ராக்கம்மாவும் தேட வந்தாள்.

“காலையிலேருந்து செவலையையும் காணோம்ண்ணே. அரிசி போட்டேன், வரவே இல்ல.”

கொட்டகையிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. ஹெல்மெட்டுக்குள் செவலை, உடம்பு இரண்டு மடங்காக உப்பி உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினார். கொத்தியது. துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே விட்டு எடுத்தார். வெள்ளையாக, மழமழவென்று, வெதுவெதுப்பாக அந்தக் கைப்பெட்டி.

ஓடிப்போய்ப் பத்து முட்டைகளையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அதன் அடியில் தள்ளினார். செவலை அலகால் ஒவ்வொன்றையும் இழுத்து அணைத்துக்கொண்டது. சன்னாசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ரெண்டு வருசமா ஒரு நாள்கூட உக்காராத சோம்பேறிக் கோழி. இன்னைக்கு மட்டும் என்னா வந்திச்சி இதுக்கு?”

ராக்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, அவர் சட்டைப் பையிலிருந்த கைப்பெட்டியைக் காட்டினாள்.

“அதுக்கு ஒன்னும் வரலண்ணே. விடிஞ்சதும் நீங்க எடுத்து அவிச்சிக் குடிக்காத மொத முட்டை இதுதான்லா!”