காப்பிக் கறை படிந்த கவர்

கடைக்காரர் நீட்டிய டேப் உருளைகளைக் கையில் வாங்கியபோதுதான் ஸ்டோர்ஸ்காரருக்கு அந்தக் காப்பிக் கறை உறைத்தது.

சற்று முன் தபால் நிலையத்தில், கவுண்டர் குமாஸ்தா ஒரு கவரின் மேல் இருந்த காப்பிக் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, முகவரியை வாய்விட்டுப் படித்தார். அது துக்க வீட்டு முகவரி. ஆனால் காலையில் காப்பி கொட்டியபோது அந்தக் கவருக்குள் ஸ்டோர்ஸ்காரர் போட்டுக்கொண்டிருந்தது துக்க வீட்டுச் சரக்கே இல்லை.

ஸ்டோர்ஸ்காரர் இப்போது எந்த ஸ்டோர்ஸையும் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் சரக்கறை பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், தெருவில் கூப்பிடும் பெயர் மட்டும் மிச்சம். வீட்டில் சம்பாதிப்பது மனைவி. படுக்கையறையில் ஒரு சின்ன மிஷின் வைத்து வினைல் ஸ்டிக்கர் வெட்டுகிறாள். பனியனில் வைத்து இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. வெட்டுவதும், வேண்டாத துணுக்குகளை ஊசியால் உரித்தெடுப்பதும் அவள் வேலை. மடங்காமல் அட்டை வைத்து, கவரில் போட்டு, டேப் ஒட்டி, லேபிள் ஒட்டி, தபாலில் சேர்ப்பது இவர் வேலை.

அதிலும் போன மாதம் ஒரு கூத்து நடந்தது. குழந்தைச் சட்டைக்கான யானைக்குட்டி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயிற்று. 'கொழுப்பைக் கரை' என்ற வாசகம் கைக்குழந்தைக்குப் போயிற்று. மனைவி இரண்டையும் மறுபடி வெட்டி அனுப்பினாள். ஆனால் அதற்கப்புறம்தான் அவள் தம்பி வந்து, கூடத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"மாமாவுக்கு எதுக்குக்கா சிரமம்? வயசான காலத்துல ரெஸ்ட் எடுக்கட்டும். பேக்கிங்கை நான் பார்த்துக்கறேன்."

"இந்த வாரம் பார்ப்போம்" என்றாள் அவள்.

அந்தப் பதில் இவருக்கு முள்ளாகத் தைத்தது. பேக்கிங்கும் போய்விட்டால் அந்த வீட்டில் இவருக்கு மிஞ்சுவது, காலிங் பெல் அடித்தால் கதவைத் திறக்கிற உத்தியோகம்தான்.

இப்போது துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் சரக்கு எது என்பதை நினைத்ததும் அவருக்குக் கால் தரிக்கவில்லை. துக்க வீட்டார் கேட்டது, 'அப்பா, உங்கள் வழியில் நாங்கள்'. நாளைக் காலை நினைவுக் கூட்டம். பிள்ளைகளும் பேரன்களும் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு நிற்பதாக ஏற்பாடு. இன்னொரு ஆர்டர் ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது. ஊழியர்களைப் பல வருஷம் வறுத்தெடுத்த மேனேஜர் ஓய்வு பெறுகிறார். அவர் வாசலைத் தாண்டியதும் எல்லோரும் போட்டுக்கொள்ள ரகசியமாகக் கேட்டிருந்தார்கள்: 'சனியன் தொலைந்தது, இனி நிம்மதி'.

தபால் நிலையத்துக்கு ஓடினார். கவுண்டரில் பலகை சாத்தியிருந்தது. குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, பை, தபால் பிரிக்கிற டிப்போவுக்குப் போய்விட்டது என்றார்.

மனைவிக்குப் போன் செய்யலாம். ஆனால் பக்கத்தில் அவள் தம்பி உட்கார்ந்திருப்பான். அதற்குப் பதிலாகத் துக்க வீட்டுக்கே போன் செய்தார். கவர் வந்தால் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள் என்று பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

மூத்த மகன் எடுத்தார். குரல் கம்மியிருந்தது.

"இஸ்திரிப் பெட்டி ரெடியா வச்சிருக்கோம் சார். அம்மா மூணு நாளா யார்கூடவும் பேசல. அப்பா பனியனுக்கு நானே இஸ்திரி போடறேன்னு அது ஒண்ணுதான் சொன்னாங்க. இன்னைக்குள்ள வந்துருமில்ல? தப்பு ஏதும் இருக்காதே?"

இதைக் கேட்டபின் எந்த மனிதனுக்கு உண்மை வாயில் வரும்? "சாயந்திரத்துக்குள்ள வந்துரும். கண்ணை மூடிக்கிட்டு ஒட்டலாம்" என்று இவர் வாய் தானாகச் சொல்லிற்று. வைத்தபின்தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

டிப்போ வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. கொடுத்த தபால் கொடுத்ததுதான் என்றான். கெஞ்சினார், பழைய வேலையைச் சொல்லிப் பெருமைப்பட்டார், கடைசியில் பொய்யில் இறங்கினார். அந்தக் கவர்களில் இருக்கிற பசை வெயிலில் சூடானால் புகையும் என்றார்.

அதற்குப் பலன் கிடைத்தது, தேவைக்கு மேலேயே. விசில் பறந்தது. மூட்டை பிரிப்பவர்கள் போட்டது போட்டபடி வெளியே வந்தார்கள். பையை நீளமான கழியால் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் கொட்டி, சுற்றிலும் மணல் வாளிகளை வைத்தார்கள். டிப்போ அதிகாரி அம்மாள் சாவிக்கொத்தோடு வந்தார்.

"புகையற சரக்குன்னா அனுப்ப முடியாது. அழிச்சிட வேண்டியதுதான்."

"ஐயோ, புகையாதும்மா. நான் சும்மா சொன்னேன்."

"சும்மா சொன்னீங்களா?"

முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் ஸ்டோர்ஸ்காரரைப் பார்த்தார்கள். அவர் வாழ்நாளில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். துக்க வீட்டுக்குப் போவது எந்த வாசகம் என்பதையும் சொன்னார். கழி வைத்திருந்தவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. போன வருஷம்தான் தன் அப்பா போனார் என்றார்.

"பிரிச்சா மறுபடி எடை போட்டு நாளைக்குத்தான் போகும். பிரிக்காம என்ன செய்ய முடியுமோ செஞ்சுக்குங்க. நான் அந்தப் பக்கம் போறேன். வண்டி கிளம்பிட்டா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் நிறுத்த முடியாது."

ஸ்டோர்ஸ்காரர் மண்டியிட்டுத் தேடினார். காப்பிக் கறைக் கவர் கிடைத்தது. அதன்மேல் துக்க வீட்டு முகவரி, அவர் பயந்தபடியே. அலுவலகத்துக் கவரும் கிடைத்தது. நகத்தால் இரண்டு லேபிள்களையும் ஓரம் கிழியாமல் உரித்து, இதை அதற்கும் அதை இதற்குமாக மாற்றி, மேலே புது டேப்பை ஒட்டினார். அடியிலிருந்த பழைய டேப்பைத் தடவிப் பார்த்தபோது கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஒரு சுருக்கமில்லை. பதற்றமான காலையிலும் தன் கை எவ்வளவு சுத்தமாக ஒட்டியிருக்கிறது!

அப்போது போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"டேப் வாங்க வந்தேன். கடையில கூட்டம்."

"தபாலெல்லாம் சரியா சேர்ந்துச்சா?"

"எல்லாம் சரியா சேர்ந்துச்சு."

"சரிங்க. சாப்பாடு ஆறுது, வாங்க" என்றாள். அந்தக் குரலில் ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு கனிவு இருந்தது. இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வண்டி புறப்பட்டது. அது தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, ஸ்டோர்ஸ்காரர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். இன்று அவர் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார், யாருக்கும் தெரியாமல். மச்சினன் இனி நாற்காலியைக் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

தபால் நிலையத்தைக் கடக்கும்போது, சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்தபடி குமாஸ்தா வாசலில் நின்றிருந்தார். ஸ்டோர்ஸ்காரருக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது போலிருந்தது. அந்த ரெண்டு கவர் விஷயம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று சிரித்தார்.

குமாஸ்தா பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா, வீட்டுல சொல்லிட்டாங்களா? நீங்க போனதுமே உங்க சம்சாரம், காப்பிக் கறைக் கவர்ல லேபிள் மாறிடுச்சுன்னு மூச்சு வாங்க ஓடி வந்து, ரெண்டு கவரையும் இங்கயே பிரிச்சு உள்ள இருந்ததை மாத்தி வச்சு ஒட்டிக் கொடுத்துட்டு, 'அவருக்குத் தெரிய வேண்டாம், மனசு ஒடிஞ்சிருவாரு'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க சார்."