பல்லவரும் மூன்று கொட்டேஷன்களும்

கம்ப்யூட்டர் விஷயத்தில் இனி இந்த வீட்டில் தன் சொல்தான் செல்லும் என்று பல்லவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். முடிவெடுத்த கையோடு, மனைவி குளியலறையிலிருந்து வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பல்லவர் என்றதும் வாளையும் கேடயத்தையும் தேடாதீர்கள். மனிதர் பல் செய்பவர். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுப்பார். பல் லேப் அதை அனுப்பிவைக்கும். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அந்தப் பல்லுக்கு உருவம் கொடுப்பார். கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளம் முழுக்க அவருக்கு அத்துப்படி. அதனால் நண்பர்கள் வைத்த பட்டம்தான் பல்லவர். ராஜ்யம் கிடையாது. ராணி மட்டும் உண்டு.

ராணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பர்ச்சேஸ் ஆபீசர். பஞ்சிலிருந்து கட்டில்வரை அவர் கையெழுத்து இல்லாமல் உள்ளே நுழையாது. அவரை நாம் அம்மையார் என்றே சொல்வோம்.

இப்போது சிக்கல் என்னவென்றால், கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒரு மாதமாகக் கடக் கடக்கென்று சத்தம் போட்டது. அதற்குள் இருபத்திரண்டு பேருடைய வாய் இருந்தது. ஒவ்வொரு ஃபைலும் திறப்பதற்குள் அந்த ஆளுக்குப் புதுப் பல்லே முளைத்துவிடும். போன வாரம் லேப் முதலாளி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன் சார், தப்பா நினைக்காதீங்க." பல்லவர் தப்பாக நினைக்கவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

"இந்த டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்.எஸ்.டி. வாங்கணும்மா, அது சத்தமில்லாம வேகமா ஓடும்," என்றார்.

"வாங்கலாமே. இதுக்குள்ள பாருங்க." அம்மையார் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதி நீட்டினார்.

பல்லவர் மனசில் வைத்திருந்ததோ அதைப்போல மூன்று மடங்கு விலை. சூடு தணிய முதுகில் வெள்ளிச் செதில் வைத்த எஸ்.எஸ்.டி. அது. விளம்பரத்தில் அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"இது ஒரு செகண்டுக்கு ஏழாயிரம் படிக்கும், தெரியுமா?"

"என்ன ஏழாயிரம்?"

"அது... அதெல்லாம் டெக்னிக்கல்."

"ஒரு பல்லைத் திறக்க ஏழாயிரம் எதுக்குங்க?"

"வேகம்மா, வேகம்!"

"சரி, மூணு கொட்டேஷன் கொண்டாங்க. பார்க்கலாம்."

பர்ச்சேஸ் ஆபீசரைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. அந்த வீட்டில் வாளி வாங்கியபோதே மூன்று கொட்டேஷன். ஆனால் இந்த முறை பல்லவரின் மூளை பளிச்சென்று எரிந்தது. நேராகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் பழைய சிநேகிதர். இரண்டு பேரும் உட்கார்ந்து, மூன்று கடைகளின் பெயரில் மூன்று கொட்டேஷன் தயாரித்தார்கள். இரண்டில் தலைசுற்றும் விலை. மூன்றாவதில் வெள்ளிச் செதில், மற்ற இரண்டோடு பார்த்தால் சும்மா கொடுப்பதுபோல ஒரு விலை.

அம்மையார் மூன்று தாளையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவாயில்லையே! மூணு கடை ஏறி இறங்கினீங்களா?"

"காலெல்லாம் வலி."

"பாவம். யோசிச்சுச் சொல்றேன்." தாள்கள் கைப்பைக்குள் போயின.

திங்கள் போனது. செவ்வாய் போனது. புதன்கிழமை பல்லவர் காலையிலிருந்து சாயந்திரம்வரை லேபில் இருந்தார். வந்து கேட்டால், "யோசிச்சுட்டுதாங்க இருக்கேன்," என்று அதே பதில்.

வியாழக்கிழமை இன்னொரு சங்கடம். கடக் கடக் சத்தம் நின்றுபோய்விட்டது. மூன்று வாரமாக இருமிய குழந்தை டாக்டர் வீட்டு வாசலில் கப்சிப்பென்று ஆவதுபோல, வேண்டிய நேரத்தில் டிஸ்க் நல்ல பிள்ளையாகிவிட்டது. போதாக்குறைக்கு வேலையும் மளமளவென்று முடிந்தது. வெள்ளிக்கிழமை லேப் முதலாளியே கூப்பிட்டு, "என்ன சார், இவ்வளவு சீக்கிரமா?" என்றார். "இருபது வருஷ அனுபவம் சார், கை பேசுது," என்றார் பல்லவர். சொல்லிவிட்டுத் தன் கையைத் தானே ஒருமுறை பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

ஆனாலும் வெள்ளிச் செதிலை விட மனசு வரவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை செயல்விளக்கம் காட்டிவிடுவது என்று தீர்மானித்தார். அவருக்குக் கணக்கு தெரியும். தினமும் பட்டனை அழுத்திவிட்டு உள்ளே போய், டீ போட்டுக் குடித்து, பேப்பர் படித்து, குளித்துவிட்டு வந்தால்தான் கம்ப்யூட்டர் கண் திறக்கும். பல வருடப் பழக்கம். அந்த நேரம் முழுவதும் அம்மையாரை நாற்காலியில் உட்காரவைத்தால் போதும், கல்லும் கரையும்.

அம்மையார் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வந்து உட்காரு. என் கஷ்டத்தை உன் கண்ணால பாரு."

"இஸ்திரிப் பெட்டி சூடா இருக்குங்க."

"ஆறட்டும். இது திறக்கறதுக்குள்ள அது ஆறி, திரும்பச் சூடாயிடும்."

பட்டனை அழுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, ஒரு மனுஷன் தன் குடும்பத்துக்காக..."

டிங் என்றது. கம்ப்யூட்டர் முழுசாகத் திறந்து, அடுத்து என்ன என்று நின்றது.

பல்லவர் திரையைப் பார்த்தார். அம்மையார் பல்லவரைப் பார்த்தார்.

"குடும்பத்துக்காக...?" என்று எடுத்துக்கொடுத்தார் அம்மையார்.

"இது... இது எப்பவும் இப்படிப் பண்ணாதே!"

"புதன்கிழமையிலேருந்து இப்படித்தாங்க பண்ணுது. அன்னைக்கு நான் அரை நாள் லீவு போட்டேன். உங்க கடைக்காரரே வந்து புது எஸ்.எஸ்.டி. மாட்டிட்டுப் போனார். நான் எழுதிக்கொடுத்த தொகைக்குள்ளேயே."

"அவனா?"

"மூணு கடை கொட்டேஷன்லயும் ஓரத்துல அதே கறுப்புக் கோடு, ஒரே பிரிண்டர். எனக்கு ஆபீஸ்ல தினம் நாலு பேர் இப்படிக் கொண்டுவர்றாங்க. உங்க சிநேகிதர்கிட்ட போன்ல ஒரு வார்த்தைதான் கேட்டேன், மனுஷன் மொத்தத்தையும் கக்கிட்டார். நம்ம மதர்போர்டு பழசாம். நீங்க கேட்டதை மாட்ட இதுல இடமே இல்லையாம். வாங்கியிருந்தா அலமாரியிலதான் வெச்சிருக்கணும்."

பல்லவர் முகத்தில் அசடு வழிந்தது. வழிந்ததைத் துடைக்க நேரமில்லை. "ஐயோ, பழைய டிஸ்க்? உள்ள இருபத்திரண்டு வாய்..."

"அது போயிடுச்சுங்க. எல்லாத்தையும் காப்பி எடுத்த பிறகு ஒரு தடவை போட்டுப் பார்த்தார். கடக்குனு ஒரே சத்தம். அதோட சரி."

"எல்லாத்தையும் எடுத்தாச்சா?"

"இருபத்திரண்டும் இருக்கு. நானே எண்ணினேன். இன்னொரு காப்பி பீரோவில இருக்கு."

பல்லவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கொட்டேஷன், விளக்கம் என்று அவர் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த டிஸ்க் கடைசி மூச்சில் இருந்திருக்கிறது. இந்த ஞாயிறுவரை காத்திருந்தால் இருபத்திரண்டு வாயும் போயிருக்கும். கூடவே லேபும் போயிருக்கும். போன உயிர் திரும்பி வந்தது. மனைவிமேல் அவருக்குச் சட்டென்று பொங்கிவந்த பாசத்தில் கண்ணே கலங்கிவிட்டது. பொய்க் கொட்டேஷனுக்கு இன்னும் திட்டு விழவில்லை என்பதும் அந்தப் பாசத்தில் கொஞ்சம் சேர்த்தி.

"ரொம்ப நல்ல காரியம் பண்ணின. ஆனா நாலு நாளா ஏன் சொல்லலை?"

அம்மையார் மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்.

"ஒரு பந்தயம். பட்டனை அழுத்தின உடனே சார் கண்டுபிடிச்சிடுவார்னு கடைக்காரர் சொன்னார். மாசம் முடியற வரைக்கும் தெரியாதுன்னு நான் சொன்னேன். நான் ஜெயிச்சா, உங்க கம்ப்யூட்டருக்குப் புது விசிறி அவர் செலவுல."

"அட, நான் கெடுத்துட்டேனே! இன்னும் பத்து நாள் இருக்கே!"

"உங்களுக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாதே."

காட்டிக்கொடுத்த சிநேகிதனைப் பழிவாங்க வழி கிடைத்ததும் பல்லவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா பத்து நாளைக்கு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நடிக்கணும். அவ்வளவுதானே? பிரமாதமா நடிச்சுடறேன்!"

அம்மையார் சட்டையைத் திருப்பிப் போட்டார்.

"நடிப்பெல்லாம் வேண்டாங்க. எப்பவும்போல இருங்க, போதும்."