பாஸ்பேட் அண்ணாச்சி

அளவுக்காரர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. கொம்பு கிடையாது, வால் கிடையாது. கண்ணெதிரே இருக்கும் பொருளை இவர் நம்பமாட்டார். அந்தப் பொருளுக்கு ஓர் எண் உண்டானால் அந்த எண்ணை நம்புவார். குற்றாலச் சாரலில் வேட்டி தொப்பலாக நனைந்து நிற்கும்போதும் கைபேசியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, "மழைக்கு நாப்பது சதவீதம்தான் வாய்ப்புன்னு போட்டிருக்கான்" என்பார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் நீங்கள் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி தென்காசியை அடுத்த மேலகரத்தில் வசிக்கிறார். பெயர் ஆவுடைநாயகம். முப்பது வருடம் சர்வேயராகச் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். ஊரையே அளந்த மனிதருக்கு வீட்டில் கை சும்மா இருக்குமா? கூடத்தில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து அதற்குள் ஒரு கடலையே உண்டாக்கிவிட்டார். தென்காசிக்காரர்கள் கடல் பார்க்கத் திருச்செந்தூர் வரை போகவேண்டியிருக்க, இவர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கலாம். உப்புத் தண்ணீர், இரண்டு ஆரஞ்சு மீன், பாறைமேல் உயிருள்ள பவளங்கள். அவற்றில் ஊதாப் பவளம் ஒன்று அவருக்கு உயிர். செங்கோட்டையில் மீன் கடை வைத்திருக்கும் ஹுஸைஃபாவிடம் சுண்டுவிரல் நுனியளவு துண்டாக வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது, இரண்டு வருடத்தில் உள்ளங்கை அளவு ஆகியிருந்தது. பெற்ற மகள் பெங்களூரிலிருந்து பேசினாலும், "நீ நல்லாருக்கியா" என்பதற்கு முன்னால் "பவளம் நல்லாருக்கு" என்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாஸ்பேட் என்ற சொல் காதில் விழும்வரை. மீன் தின்று கழிப்பதிலிருந்து தண்ணீரில் சேரும் சத்து அது. கூடினால் பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடும் என்று எங்கோ படித்தார். அடுத்த பக்கத்தையும் படித்திருக்கலாம். படிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்குச் சோதனை. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பொடியைத் தூவி, கோயில் கொடைக்குச் சாமியாடுகிறவர் போலக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பார். அந்த ஐந்து நிமிடமும் மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது, யாராவது காலிங்பெல்லை அழுத்திவிட்டால் அழுத்தியவர் பாடு. பாஸ்பேட் இருந்தால் தண்ணீர் நீலமாகும். கூடக்கூட நீலமும் கூடும். அதை நிறச்சீட்டோடு ஒட்டிப் பார்க்கும்போது பஞ்சாயத்து.

"ஏட்டி சுந்தரி, இது வெளிர் நீலமா, இளநீலமா?"

"எங்க சித்தி மக வளைகாப்புக்குக் கட்டுன சேலை நெறம்" என்பார் மனைவி கல்யாணசுந்தரி.

"அதுக்கு நம்பர் என்ன?"

"கடைக்காரன்கிட்டதான் கேக்கணும்."

வந்த எண்ணைத் தினசரி காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவார். அந்த வீட்டில் ராகுகாலம் தெரிந்து ஆறுமாதம் ஆகிறது.

ஆனிச் சாரல் வந்தது. சாரல் விழுந்தால் மேலகரத்தில் விருந்தாளி வராத வீடு உண்டா? கல்யாணசுந்தரியின் தம்பி விஜயசங்கர் சிவகிரியிலிருந்து குடும்பத்தோடு ஏழு பேராக வந்து இறங்கினார். ஐந்தருவியில் குளித்து ஈரத்தலையோடு திரும்புகிறவனுக்கு அகோரப் பசி எடுக்கும். பார்க்கிற உயிரெல்லாம் பசித்துக் கிடப்பதாகவே தோன்றும். ஆளுக்கொரு கை மீன் தீனி போட்டார்கள். போதாததற்கு நேந்திரங்காய் சிப்ஸையும் நொறுக்கிப் போட்டார்கள்.

மறுநாள் குப்பி கருநீலம். அண்ணாச்சியின் முகமும் ஏறக்குறைய அதே நிறம்.

"மாப்ள, யாரு போட்டது?"

"மீனு வாயை வாயைத் தொறக்குல்லா அத்தான். பாவமா இருந்துது."

"அது மூச்சு விடுது மாப்ள!"

மாலைக்குள் தொட்டியில் அட்டை தொங்கியது: 'மீன்களுக்கு உணவளிக்கக் கூடாது. மீறினால்'. மீறினால் என்ன என்று எழுத அட்டையில் இடமில்லை. விருந்துக்கு வந்த மைத்துனனைப் பார்த்து போர்டு மாட்டுவதா? விஜயசங்கர் கொடியில் கிடந்த துண்டு காய்வதற்குள் குடும்பத்தோடு பஸ் ஏறிவிட்டார். கல்யாணசுந்தரி மூன்று நாள் புருஷனுக்கு ரசம் மட்டும் ஊற்றினார்.

அண்ணாச்சி ரசத்தைக் குடித்துவிட்டுப் போருக்குக் கிளம்பினார். பாஸ்பேட்டை உறிஞ்சும் பழுப்புக் குருணையை வாங்கி, ஒரு கரண்டி போடு என்று எழுதியிருந்த இடத்தில் மூன்று கரண்டி போட்டார். மீன்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் சோறு, அதுவும் ஆளுக்கு நாலே நாலு தீனி மணி. நீலம் வெளுத்தது, இன்னும் வெளுத்தது, ஒருநாள் குப்பி நிறமே இல்லாத வெறும் தண்ணீராகவே நின்றது. பூஜ்யம்! அல்வா வாங்கித் தெருவுக்கே கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி விசேஷம், பேரனா பேத்தியா?" என்று கேட்டார் எதிர்வீட்டு வள்ளித்தாய்.

"பாஸ்பேட் ஒண்ணுமில்லாம ஆயிட்டு!"

"அம்மாடி, இந்தக் காலத்துல என்னென்ன வியாதி வருது" என்று வள்ளித்தாய் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் பூஜ்யம். ஊதாப் பவளம் ஊதாவாக இல்லை. பூப்பூவாய் விரிந்திருந்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. ஓரம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"என்னங்க, இது சோகை புடிச்சால்ல கெடக்கு?"

"சுத்தம்னா அப்படித்தான் இருக்கும். நம்பரைப் பாரு!"

வெளுப்பு பாதிப் பவளம் வரை ஏறியபோதுதான் அவர் காலண்டரையும் பவளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எண் சரியாக இருக்கிறது, பவளம் சாகிறது. முப்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை. ஹுஸைஃபாவுக்குப் போன் போட்டார்.

"அளவு எவ்வளவு அண்ணாச்சி?"

"பூஜ்யம்!"

"அதான் சாவுது. அதுக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேணும்லா? பட்டினி போட்டுட்டியளே! குருணையை வெளிய எடுங்க. மீனுக்கு நல்லாத் தீனி போடுங்க. மீன் தின்னாத்தான் பவளத்துக்குச் சோறு."

குருணையை எடுத்துவிட்டார். தீனி டப்பாவைத் திறந்தார். கை வரவில்லை. எண்ணி எண்ணி ஆறு மணி போட்டார், ஏழாவது விரலிலேயே ஒட்டிக்கொண்டது. அவமானத்தை விழுங்கி சிவகிரிக்குப் பேசினார். "மாப்ள, புள்ளையளைக் கூட்டிட்டு வாங்க. மீனுக்குத் தீனி போடணும்."

"போர்டைக் கழட்டியாச்சா?"

"அடுப்புல போட்டாச்சு."

ஆடிச் சாரலில் ஏழு பேரும் வந்தார்கள். சிப்ஸ் மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். பத்து நாள் மீன்கள் கல்யாண வீடு கண்டன. பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு, அண்ணாச்சி தொட்டிக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் குப்பியோடு நின்றார்.

"என்னங்க! திரும்பிப் பாருங்க! பவளம் வாயைத் தொறந்துட்டு!" என்று கத்தினார் கல்யாணசுந்தரி.

"அத்தான், ஊதா வந்துட்டு! இங்கன பாருங்க!"

"பொறு மாப்ள, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

ஏழு பேரும் கை தட்டினார்கள். அவர் அசையவில்லை. கடைசியில் குப்பிக்குள் நூலிழை போல ஒரு நீலம் ஓடியது. "பொழைச்சிட்டு சுந்தரி, பொழைச்சிட்டு!" என்று அந்தக் குப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதே விட்டார். பவளத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்: இதைப் படிக்க உட்கார்ந்ததும், இது மொத்தம் எத்தனை பக்கம் என்று முதலில் புரட்டிப் பார்த்தீர்களா, இல்லையா?