முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒழுகும் குழாய்

உயிரே போனாலும் லோஷினியிடம் நானாகப் பேசுவதில்லை என்று சபதம் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. சபதம் எடுத்தவனும் நான்தான். அதைக் காப்பாற்ற இரத்தக்கொதிப்பு மாத்திரை விழுங்குபவனும் நான்தான்.

லோஷினி எங்கள் ஒரே மகள். சிங்கப்பூரில் வங்கி வேலை, கைநிறையச் சம்பளம். ஒருநாள் வந்து, "வேலைய விட்டுட்டேன்ப்பா. இங்கிலீஷ்ல நாவல் எழுதப்போறேன்" என்றாள். நான் செனாய் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். அரைநாள் லீவுக்கே நாலு காரணம் கேட்டுப் பழக்கம். "கதை எழுதுறவளுக்கு இந்த வீட்ல சோறு கிடையாது" என்றேன். அவள் சோறே கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பொந்தியானுக்குப் போய், கடலைப் பார்த்தாற்போல ஒரு அறையை வாடகைக்கு எடுத்துவிட்டாள்.

போன மாதம் அந்த நாவல் தபாலில் வந்தது. அட்டையில் குடையோடு ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறார். கழுத்துக்குக் கீழே லேசான கூன். எனக்குப் பகீரென்றது. அது என் கூன்.

என் இங்கிலீஷ் கஸ்டம்ஸ் ஃபாரம் வரைக்கும் போகும். நாவல் வரைக்கும் போகாது. இருந்தாலும் என் மனைவி யோகேஸ்வரி குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, புத்தகத்தை நடுவில் திறந்து, தெரிந்த சொல்லாகத் தேடினேன். 'ஃபாதர்' அகப்பட்டது. அடுத்த பக்கத்திலும் ஃபாதர். பத்துப் பக்கம் புரட்டினேன். பத்திலும் நான்! நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, உடனே சுருங்கியது. என்னைப் புகழ்ந்திருக்கிறாளா, கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாளா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

யோகத்துக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. பன்னிரண்டு வருஷம் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து டாக்டர் கையெழுத்தையே படித்தவள். ஆனால் நேராகக் கேட்டால் என் மானம் என்னாவது? ஆகவே ஒரு பலமான திட்டம் போட்டேன்.

"யோகம், மத்தியானம் தூக்கமே வரமாட்டேங்குது. யாராச்சும் எதையாச்சும் படிச்சா வரும்போல இருக்கு."

"பேப்பர் படிக்கட்டுமா?"

"வேணாம், பிரஷர் ஏறும். அந்த மேசைல ஏதோ கெடக்குதே..."

"எது, கரண்டு பில்லா?"

"அதுக்குக் கீழ."

"ஓ, உங்க மக எழுதுனதா? அது இங்கிலீஷாச்சே."

"தமிழ்ல மாத்திச் சொல்லு. கதை கேக்க இல்ல, தூக்கம் வர்றதுக்கு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். சமையல் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற பார்வை. பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, முதலில் சில பக்கங்களைத் தள்ளினாள்.

"ஆரம்பத்துல என்ன இருக்கு?"

"சும்மா ஊர் வர்ணனை. தூங்குங்க."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் வாசிப்பு. மூன்று மணிக்கு மழை பிடிக்கும். நான் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வேன்.

"'அவருக்குக் கோவம் ஜாஸ்தி. ஆனா மனசு பஞ்சு'ன்னு எழுதிருக்கா."

அப்பாடா! நான் பொய்க் குறட்டை விட்டேன்.

"'சாயங்காலம் அஞ்சு மணியானா அவரே தேத்தண்ணி கலக்கி மனைவிக்குக் குடுப்பாரு.'"

குறட்டை பாதியில் நின்றது. "நானா? எப்போ?"

"நீங்கன்னு யாருங்க சொன்னா? கதைல வர்ற அப்பா."

யோசித்தேன். அட்டையில் என் கூன். பக்கத்துக்குப் பக்கம் ஃபாதர். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஜனங்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் ஐந்து மணிக்கு நம் வீட்டுக்கு வந்து, யோகம் தேத்தண்ணி கலக்குவதைப் பார்த்தால்? என் மகள் பொய்க்காரி ஆகிவிட மாட்டாளா? ஐந்து மணிக்கு எழுந்து கலக்கினேன். யோகம் ஒரு வாய் குடித்துவிட்டு, "கதைல சீனி கம்மி" என்றாள்.

மறுநாள் கதையில் அப்பா சட்டி பானை கழுவினார். நானும் கழுவினேன். பக்கத்து வீட்டு அப்துல் பாசித் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, அக்கா ஊர்ல இல்லியா?"

"இருக்காங்க. நான் கதாபாத்திரம் லா, பாசித்."

"அலமாக்! பாத்திரம்னு நல்லாத் தெரியுதுண்ணே."

அதற்கடுத்த நாள் கதையில் சமையலறைக் குழாய் வந்தது. எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக ஒழுகுகிற அதே குழாய். இந்தத் தடவை எனக்கே சந்தேகம் தட்டியது.

"இங்கிலீஷ் நாவல்ல குழாய் ஒழுகுமா யோகம்?"

"ஒழுகுது. முப்பத்தெட்டாம் பக்கம்."

பக்க எண்ணே சொல்கிறவளிடம் என்ன வாதாடுவது? வாஷர் வாங்கி வந்து மாற்றினேன்.

போகப் போக வேலை பெரிதாகத் தெரியவில்லை. மழைச் சத்தத்தில் அவள் குரல் கரைந்து, நான் நிஜமாகவே தூங்க ஆரம்பித்தேன். கனவில் எங்கள் வாசல்வரை கடல் வந்து நிற்கும். கழுவிய பெரிய சட்டியில் ஏறி உட்கார்ந்து, கரண்டியால் துடுப்புப் போட்டுப் போவேன். கரையில் ஆறு வயது லோஷினி, பள்ளிக்கூடச் சீருடையோடு நின்று கை காட்டுவாள். "அப்பா, பசியாறிட்டீங்களா?" என்பாள். பதில் சொல்ல வாயைத் திறப்பேன். பாழாய்ப்போன சபதம் ஞாபகம் வரும். மூடிக்கொள்வேன். கரை மெல்ல மெல்லத் தள்ளிப் போகும். விழித்தால் கன்னம் ஈரமாக இருக்கும். கூரை ஒழுகுகிறது என்று யோகத்திடம் சொல்லுவேன். அவள் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டாள்.

நேற்று கடைசி அத்தியாயம்.

"'அப்பா காடிய ஓட்டிக்கிட்டு மக வீட்டுக்குப் போறாரு. ஒரு டின் முறுக்கு கொண்டு போறாரு. மாடிப்படி ஏறுறாரு. கதவத் தட்டக் கையத் தூக்குறாரு.'" யோகம் புத்தகத்தை மூடினாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"தட்டினாரா இல்லியா?"

"எழுதல."

"அவ கதவத் தெறந்தாளா?"

"இந்தக் காலத்து இங்கிலீஷ் கதையெல்லாம் அப்படித்தாங்க. முடிவ நம்மகிட்டயே விட்டுருவாங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. கையைத் தூக்கியபடி ஒரு மனுஷனை எத்தனை நாள் மாடிப்படியில் நிறுத்தி வைப்பது? இன்று காலை காடியை எடுத்தேன். முன் சீட்டில் ஏற்கெனவே ஒரு டின் முறுக்கு உட்கார்ந்திருந்தது. எப்படி வந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பொந்தியானில் கடல் சத்தமில்லாமல் கிடந்தது. மாடி ஏறினேன். கையைத் தூக்கினேன். தட்டினேன்.

லோஷினி கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பசியாறிட்டியாம்மா?" என்றேன். இரண்டு வருஷச் சபதம் ஒரு வார்த்தையில் போயிற்று. அவள் "அப்பா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். இங்கே கூரையைக் குறை சொல்ல முடியவில்லை.

அழுது முடித்ததும் சொன்னேன். "உன் புத்தகம் பூராவும் கேட்டுட்டேன்மா. அப்பாவ ரொம்ப நல்லா எழுதிருக்க. தேத்தண்ணி கலக்குறது, சட்டி கழுவுறது, அந்தக் குழாய்..."

"எந்தக் குழாய்ப்பா?"

"முப்பத்தெட்டாம் பக்கம்."

லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அப்பா... முதல் பக்கத்துலயே அப்பா செத்துடுறாரு. அவரோட கருமாதியிலதான் கதையே ஆரம்பிக்குது."

நான் டின்னைக் கீழே வைத்தேன். "பின்ன, பக்கத்துக்குப் பக்கம் ஃபாதர், ஃபாதர்னு?"

"செத்துப்போன அப்பாகிட்ட அந்தப் பொண்ணு பேசுறாப்பா. கடைசிப் பக்கம் வரைக்கும் பேசுறா. உசுரோட இருந்தப்ப பேச முடியலல்ல?"

நான் அப்படியே அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வீட்டுக்குப் போன் போட்டேன்.

"யோகம், நான் முதல் பக்கத்துலயே செத்துட்டேனாமே!"

"தெரியுமே."

"அப்ப தேத்தண்ணி? சட்டி? குழாய்?"

"செத்தவர எழுப்பி உக்கார வைக்கிறேன். சும்மாவா எழுப்புவாங்க? அவ அழுதாளா?"

"ம்."

"நீங்க?"

நான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி, புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க. வர்ற வழியில நல்ல மீனா வாங்கி, நீங்களே கழுவி வெட்டிக் குடுங்க. எத்தனாம் பக்கம்னு மட்டும் கேக்காதீங்க."